அப்பா, அந்த ‘கெதர’ யாருடையது?

எத்தனையோ பேருடைய குரலில் பேசிவிட்டு, வீட்டில் மட்டும் அதிகம் பேசாமல் இருந்த என் அப்பாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்கிறார். மூன்று மாதமாக அவர் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் மண்டபத்து வாசலில் உங்களுக்கு நினைவுக் கல் திறக்கிறார்கள். அதற்கு முன் இதையெல்லாம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். கடைசி வாரம், காலை பத்து மணி இருக்கும். ஊசி போட வந்த தாதியின் கையைத் தள்ளிவிட்டு, “மிஸ், மம கெதர யனவா” என்றீர்கள். நான் வீட்டுக்குப் போகிறேன் என்று நல்ல சிங்களத்தில், கண்ணில் தண்ணீரோடு சொன்னீர்கள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “இங்கே வாங்க, சுப்பையா சொல்றார்!” என்று அடுத்த கட்டிலில் நின்றவளைக் கூப்பிட்டாள். இரண்டு கைத்தொலைபேசிகள் வெளியே வந்தன. நீங்கள் திரும்பவும் சொன்னீர்கள், அவர்கள் திரும்பவும் சிரித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் டாக்டரே ஓடி வந்தார்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். என் அப்பாவின் பெயர் வேலாயுதம். எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நாற்பது வருடம் மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் படத்திலும் நடித்தார். நாட்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேடம்தான். ஒரு சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தில் துரை பங்களாவின் சமையற்காரன், சுப்பையா. துரை திட்டும்போதெல்லாம் சுப்பையா துணிப்பையையும் குடையையும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சிரித்தபடி, “மாத்தயா, மம கெதர யனவா” என்பான், ஐயா, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று. போகவே மாட்டான். அதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

அதில் என்ன சிரிப்பு என்று தமிழ் எழுத்தில் காட்ட முடியாது. ‘கங்காணி’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ‘க’ ஒன்று, நடுவில் வரும் ‘க’ இன்னொன்று. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து, சிங்களத்தில் தனித்தனி எழுத்து. வீட்டுக்கு அவர்கள் சொல்லும் ‘கெதர’ நடுவில் வரும் ‘க’வில் தொடங்க வேண்டும். நம் ஆட்கள் பலர் முதல் ‘க’வில் தொடங்குவார்கள். சுப்பையாவும் அப்படித்தான் சொல்வான். அந்த ஒரு ‘க’வுக்கு இந்த நாடு இருபது வருடத்துக்கு மேல் சிரித்தது.

இனி உங்களிடம் வருகிறேன், அப்பா.

உங்களுக்கா சிங்களம் தெரியாது? காலையில் பிளேன்டீயும் கையுமாக உட்கார்ந்து சிங்களப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பீர்கள். பக்கத்து வீட்டு இஸ்கோலே மாத்தயா, பள்ளிக்கூடத்தில் சிங்களமே படிப்பிக்கிறவர், ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் வேலியோரம் வந்து உங்களிடம் கேட்பார். நான் பள்ளி விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே, வாசலை மறித்துக்கொண்டு “கொஹெத யன்னே?” என்று அதட்டுவீர்கள். எங்கே போகிறாய் என்று அர்த்தம். நான் “மம கெதர யனவா” என்று சொல்ல வேண்டும். ‘க’ பிசகினால் உள்ளே விட மாட்டீர்கள். ஒருநாள் மழையில் பதினைந்து தடவை சொல்ல வைத்தீர்கள். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். நீங்கள் ஒருநாளும் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அப்படிப் படித்ததால்தான் இன்று ரத்தோட்டைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் சிங்களம் படிப்பிக்கிறேன். போன தவணையில் ஒரு பிள்ளை ‘கெதர’வை முதல் ‘க’வில் சொல்ல, வகுப்பே “சுப்பையா, சுப்பையா” என்று கத்தியது. சுப்பையா என் அப்பா என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினார்கள்.

ஏன் அந்த வேடத்தை எடுத்தீர்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! உங்களுக்கு வேறு வேடமா கிடைக்கவில்லை? தோட்டத்துக் கூத்தில் ராணி வேடம் கட்டி, கங்காணியின் மனைவியே “அந்தப் புள்ள யாரு?” என்று கேட்கும்படி ஆடியவர் நீங்கள். வானொலியில் ஒரே நாடகத்தில் தாத்தா, பேரன், தபாற்காரன் மூவரும் நீங்கள்தான். மூவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் இடத்தில் எங்கே மூச்சு விட்டீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

டவுனில் நாடகம் போட்ட யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், உங்களை டாக்டர் வேடத்துக்கு எடுத்துவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? “உம்முடைய நடிப்புத் திறம் தம்பி. ஆனா உந்தத் தோட்டக் கதையை வெளியில விட்டிட்டு வாரும். எங்கட டாக்டர்மார் உப்பிடிக் கதைக்க மாட்டினம்.” நீங்கள் சரி என்று வந்து, ஒரே மாதத்தில் அவர்கள் பேச்சைப் பிடித்துவிட்டீர்கள். நாடகம் முடிந்ததும் யாரோ வந்து, “டொக்டர், நீங்கள் ஊரில எவடம்?” என்று உங்களை யாழ்ப்பாணத்து ஆளாகவே நினைத்துக் கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாம் வீட்டில் பேசுகிற தமிழில் ஒரு டாக்டர் பேசினால் என்ன குடி முழுகிப்போகும்?

சிங்கள மேடையில் ஊர்த் தலைவராக, ஆரச்சியாக வந்தீர்களே, அந்த நாடகத்தை நான் மறக்கவே மாட்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு சொல் பிசகவில்லை. என் பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா ஒருவர், எவ்வளவு நல்ல நடிகர், எந்த ஊரோ என்று சிங்களத்தில் கேட்டார். நிகழ்ச்சித் தாளைப் பார்த்தேன். ஆரச்சிக்கு நேரே ‘விஜேபால’ என்று போட்டிருந்தது. ஒரு தமிழ்ப் பெயரைப் பார்த்தால் சனங்களுக்கு அந்தப் பாத்திரத்தில் மனம் ஒட்டாது என்று சொல்லித்தான் மாற்றினார்களாம். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நான் அந்த அம்மாவிடம், அவர் என் அப்பா என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம்தான்.

ஒழுங்காகப் பேசிய மேடையில் உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். பிழையாகப் பேசிய நாடகத்தில் சுப்பையா என்று ஒரு பெயரைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தெருவில் யாராவது வேலாயுதம் என்று கூப்பிட்டால் நீங்கள் திரும்பவே மாட்டீர்கள். சுப்பையா என்றால் உடனே திரும்புவீர்கள். சீகிரியாவுக்குப் போனபோது ஆட்டோக்காரர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு அந்த வசனத்தைக் கேட்டார்கள். பதினோரு தடவை சொன்னீர்கள், நான் எண்ணிக்கொண்டு நின்றேன். குன்றில் ஏற நேரமில்லாமல் கீழேயிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் நான் உங்களோடு பேசவில்லை, நினைவிருக்கிறதா?

இதற்கெல்லாம் மேல் உங்கள் சாவு வீடு. பெட்டியைத் தூக்கும்போது கேட்டடியில் நின்ற கூட்டத்தில் ஒருவன் “கெதர யனவா!” என்று கத்தினான். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அன்பினால்தான் கத்தினார்கள் என்று தம்பி என்னைப் பிடித்து நிறுத்தினான். ஒரு மனுஷனைக் கடைசியாக அனுப்பி வைக்கும்போது கூடவா அவன் பெயரைச் சொல்லக் கூடாது?

பிறகுதான் கல் வைக்கும் கலைக் குழுவின் கடிதம் வந்தது. கல்லுக்கான மாதிரியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மேலே உங்கள் படம். கீழே பெரிய சிங்கள எழுத்தில் ‘சுப்பையா’. அதற்குக் கீழே அந்த வசனம், பிழையான ‘க’வோடு. யாரும் தவறி எழுதவில்லை, வேண்டுமென்றே எழுதியிருந்தார்கள். அதற்கும் கீழே சின்னதாகத் தமிழில் ‘நடிகார் வெலாயூதம்’. இந்தப் பிழையை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, வழக்கமாக நம் ஊர்ப் பலகைகளில் நடப்பதுதான். ஒரே கல்லில் உங்கள் சிங்களத்தையும் கொன்று, உங்கள் தமிழையும் கொன்றிருந்தார்கள்.

பிள்ளைகளின் கொப்பி திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். உங்கள் பெயரை இரண்டு மொழியிலும் ஒரே அளவில் எழுதினேன். சுப்பையாவை வெட்டினேன். வசனத்தை மூன்று கோடு போட்டு அடித்தேன். இப்படிக் கல்லில் வெட்டுவதென்றால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவரும் வர மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழுவின் செயலாளர் நல்ல மனுஷர்தான். இரண்டு நாள் கழித்துப் பேசி, எல்லாம் சரி மிஸ், ஆனால் வசனம் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது, ஒரு பூ வேலை போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றேன். அப்படியென்றால் விழாவில் நீங்களாவது மேடையேறி அப்பாவைப் போல ஒரு தடவை அதைச் சொல்ல முடியுமா, சனங்கள் ஆசைப்படுகிறார்கள் என்றார். போனை வைத்துவிட்டேன்.

வென்றுவிட்டேன் என்ற நினைப்பில் ஹனீபா நானாவின் கடைக்குப் போனேன். உங்கள் எல்லா நாடகத்துக்கும் உடுப்புத் தைத்த அதே ஹனீபா நானா. கண்ணாடி தடித்துவிட்டது, கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை. நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“எத அடிச்ச மகள்? அந்தக் ‘கெதர’யையா?”

“ஆமா நானா. கல்லுல அது வராது.”

கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். “இரி மகள்,” என்றார். “ஒங்க வாப்பா செல்ல வாணாம்னு சென்னார். அவர் மவுத்தாகி மூணு மாசம். இனியும் செல்லாம ஈந்தா குத்தம் எனக்குத்தான்.”

அவர் சொன்னதை உங்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

கலவர நாட்களில் ஒன்று. உங்களுக்கு இருபத்திரண்டு வயது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தீர்கள். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் குடை, மடியில் துணிப்பை, பைக்குள் பிள்ளைகளுக்கு வாங்கிய பாண் ரொட்டி. எல்கடுவைக்கு மேலே ஏதோ தோட்டம் என்றார். “நீங்களும் நம்ம பக்கந்தானா தம்பி?” என்று தமிழில் கேட்டார். நீங்களும் தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். வழியில் பஸ்ஸை மறித்தார்கள். பொல்லு தடிகளோடு ஏறியவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“கொஹெத யன்னே?”

நீங்கள் சரியான ‘க’வில் சொன்னீர்கள். உங்களை விட்டுவிட்டார்கள். அடுத்தது அவர். பையையும் குடையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, பயத்தில் சிரித்தபடி, “மாத்தயா, மம கெதர யனவா” என்றார். முதல் ‘க’. சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இவனைத் தெரியுமா என்று உங்களிடம் கேட்டார்கள். தெரியாது என்றீர்கள். அவரை இறக்கிக்கொண்டு போனார்கள், பஸ் புறப்பட்டது.

சுப்பையாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்த அன்று இதை ஹனீபா நானாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். சட்டையில் பை எந்தப் பக்கம், பொத்தான் எத்தனை, குடைப்பிடி எப்படி வளைந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, எதற்கப்பா இவ்வளவு நுணுக்கம் என்று நானா கேட்டிருக்கிறார். கடைசியில் நீங்கள் சொன்னதாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நானா, எறங்கறப்ப அந்தாளு என்னயத் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா நானும் மாட்டியிருப்பேன். அதுக்காகவே பாக்காம எறங்கிப் போனாரு.”

நான் கடைக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், அப்பா. நானா பிளேன்டீ வரவழைத்தார்.

முன்பு எனக்கு உங்கள் மேல் இருந்ததெல்லாம் ஒரு கோபமே இல்லை. இப்போதுதான் கோபம் வருகிறது. அந்த மனுஷனை நாடு முழுக்கச் சிரிக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்களே, எப்படி மனம் வந்தது? அவர் அணைத்த பை, அவர் சாய்த்த தலை, அவர் சிரித்த சிரிப்பு, எல்லாவற்றையும் அச்சு அசலாக எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். உயிர் போகிற நேரத்தில் ஒருவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துச் சனங்கள் சோற்றுக் கோப்பையோடு டிவி முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். சீகிரியாவில் பதினோரு தடவை செய்து காட்டினீர்கள்.

இல்லை, வேறு என்னவாவது நினைத்தீர்களா? யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அதைப் பார்த்துச் சிரிக்காமல் எழுந்து வந்து, இது என் புருஷன், இது என் அப்பா என்று சொல்வார் என்று காத்திருந்தீர்களா? அவரை எங்கேயாவது உயிரோடு வைத்திருக்க உங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானா? ஒருவரும் வராமல் இருபது வருடம் போன பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா?

என்னை மழையில் நிறுத்தி ‘க’ சொல்ல வைத்தீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகாவது சொல்லியிருக்கலாம். நான் உங்களை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தேன் அப்பா, அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. மகள் வெட்கப்பட்டால் படட்டும் என்று இருந்துவிட்டீர்கள். அதை எப்படி நான் மன்னிக்கிறது?

பஸ்ஸில் தெரியாது என்று சொன்னதற்கு நான் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு சொல்லாமல் இருந்த நாற்பது வருடத்துக்குத்தான் எனக்கு உங்கள் மேல் ஆத்திரம்.

நேற்று நானே செயலாளருக்கு எடுத்துப் பேசினேன். வசனத்தைச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். நிகழ்ச்சி நிரலில் ‘மகளின் நடிப்பு’ என்று போட்டுவிட்டாராம். நான் உண்மையில் என்ன சொல்லப்போகிறேன் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். “அந்த மனுசன் மானத்த வாங்காத புவனா, பொணமாப் போனவரு,” என்று அழுகிறார். தெரியாது என்று நீங்கள் சொன்னதையும் நான் சொல்லத்தான் போகிறேன். அதை மறைத்தால் பஸ்ஸில் வந்தவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கியதற்கு என்ன அர்த்தம்? அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இதுதான் நடக்கும். முன்வரிசையில் பெரிய மனுஷர்கள் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். நான் முதலில் பஸ்ஸைப் பற்றிச் சொல்வேன். நீங்கள் படிப்பித்த சிங்களத்தில், ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். பிறகு அதையே தமிழில், நாம் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்வேன். அதெல்லாம் முடிந்த பிறகு பையையும் குடையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் சொன்ன ‘க’விலேயே அதைச் சொல்வேன். சிரிக்க முடிந்தவர்கள் அப்போது சிரிக்கட்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அது முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். அந்தக் கலவரத்தில் எல்கடுவைக்கு மேலே உள்ள தோட்டங்களில், பிள்ளைகளுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்து வீடு சேராதவர் யார்? மண்டபத்தில் பதில் வராவிட்டால் லயம் லயமாகப் போய்க் கேட்பேன். பாடசாலை விடுமுறை எதற்கு இருக்கிறது?

இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு, அப்பா. கல்லில் நான் அடித்த வரியின் இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அவருடைய பெயர் கிடைக்கும்வரை அங்கே ஒரு பூவைக்கூட வெட்ட விடமாட்டேன்.

கோபம் ஆறாத உங்கள் மூத்த மகள்,
வேலாயுதம் புவனேஸ்வரி